காலையில் வதைமுகாம், மாலையில் உப்புச் சுரங்கமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் தனியாகப் போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போகிறேன். கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. காலையில் ஆஷ்விட்ஸ் முகாம், மாலையில் வியெலிச்கா உப்புச் சுரங்கம் என்று ஒரே நாளில் காட்டிவிடும் பஸ் சுற்றுலா இருக்கிறதாம். போகலாமா? முகாமில் படம் எடுக்க நல்ல இடம் எது? ‘காசைக் கொடுத்துச் சுடுகாட்டைப் பார்க்க வேண்டுமா’ என்று ஊரில் அம்மா கோபிக்கிறார்.
(ஒரு வாசகர், ஃபிராங்க்ஃபர்ட்)

பதில்: படத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு எரிச்சல் மூட்டியது அதுதான். நீங்கள் கேட்கிற மாதிரியான ‘நல்ல இடம்’ அங்கே எதுவும் இல்லை. ஆஷ்விட்ஸின் இரண்டாவது முகாமான பிர்கெனாவின் வாசலுக்குள் போகும் தண்டவாளத்தின்மேல் சிலர் கைகளை விரித்து வித்தை காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது அளவு மீறிப் போகவே, தயவுசெய்து வேண்டாம் என்று 2019இல் அருங்காட்சியகமே வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மற்றபடி ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அனுமதி உண்டு. 11ஆம் கட்டடத்தின் நிலவறையிலும், கைதிகளின் தலைமுடியை வைத்திருக்கும் கூடத்திலும் மட்டும் அதுவும் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் குவிந்திருக்கும் அந்த முடி ஏறக்குறைய இரண்டு டன். நாஜிகள் மூட்டை கட்டி நெசவாலைகளுக்கு விற்றதுபோக மிஞ்சியது. பின்னல் அவிழாத சடைகளும் அதில் கிடக்கின்றன. அதன் முன்னால் நிற்கும்போதும் கைபேசி ஞாபகம் வந்தால், எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அந்த பஸ் சுற்றுலா வேண்டாம். கிராக்கோவிலிருந்து முகாமுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். முதல் முகாமும் பிர்கெனாவும் ஒன்றுக்கொன்று மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. இரண்டையும் வழிகாட்டியோடு சுற்றிவர மூன்றரை மணி நேரம் ஆகும். நவம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இதில் சுரங்கத்தையும் நுழைத்தால் அவசரமெல்லாம் பிர்கெனாவின் தலையில்தான் விழும். ஆஷ்விட்ஸில் மாண்டவர்கள் சுமார் பதினொரு லட்சம் பேர், அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள். மிகப் பெரும்பாலோரைக் கொன்ற இடம் பிர்கெனாவ். அங்கே காட்சிப் பெட்டிகளோ அறிவிப்புப் பலகைகளோ அதிகம் இல்லை. 170 ஹெக்டேர் வெட்டவெளி, செங்கல் புகைபோக்கிகளின் வரிசை, 1945 ஜனவரியில் ஓடுவதற்கு முன் நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்த பிணம் எரிக்கும் கட்டடங்களின் இடிபாடு. இதைக் கால்நடையாகத்தான் பார்க்க முடியும். தனியாகப் போகிறவருக்கு இங்கே ஒரு வசதி: ‘பசிக்கிறது, கிளம்பலாமா’ என்று கேட்க ஆள் கிடையாது.

ஆனால் முகாமை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் அங்கே போனால் எண்ணிக்கை மட்டும்தான் மனதில் நிற்கும். முதல் நாள் கிராக்கோவிலேயே நடங்கள். பெரிய சதுக்கத்தையும், மணிக்கொரு முறை கோபுரத்திலிருந்து ஒலித்துப் பாதியில் அறுந்து நிற்கும் எக்காளத்தையும் எந்த வழிகாட்டி நூலும் சொல்லிவிடும். வாவெல் கோட்டையைப் பார்க்கும்போது, நாஜிகளின் ஆக்கிரமிப்பு ஆட்சியை இங்கே நடத்திய ஹான்ஸ் ஃபிராங்க் குடியிருந்தது அங்கேதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பிறகு விஸ்துலா ஆற்றைக் கடந்து போட்குஜே பகுதிக்குப் போங்கள்.

போருக்கு முன் இந்த நகரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் யூதர். 1941 மார்ச்சில், சுமார் 3,000 பேர் வாழ்ந்த போட்குஜே தெருக்களில் நாஜிகள் 15,000 யூதர்களுக்கு மேல் கொண்டுவந்து அடைத்தார்கள். சுற்றிலும் எழுப்பிய மதிலின் உச்சியை யூதக் கல்லறைக் கற்களின் வடிவில் வளைத்துக் கட்டினார்கள். லுவோவ்ஸ்கா தெருவில் அதன் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அவர்களைக் கூட்டிவைத்து, முகாம்களுக்கு ரயிலேற்ற அனுப்பிய சதுக்கத்தில் இப்போது பெரிய உலோக நாற்காலிகள் வெறுமையாக நிற்கின்றன. 1943 மார்ச்சில் அந்தக் குடியிருப்பையே காலி செய்தபோது தெருவில் சிதறிக் கிடந்த வீட்டுச் சாமான்களின் நினைவாக வைத்தவை அவை. டிராமுக்குக் காத்திருப்பவர்கள் சில நாற்காலிகளில் உட்காரவும் செய்கிறார்கள். எனக்கு அது தவறாகப் படவில்லை.

அந்தச் சதுக்கத்து மூலையில் ஒரு மருந்துக்கடை, இன்று அருங்காட்சியகம். மதிலுக்குள் தொடர்ந்து கடை நடத்திய தடேயுஷ் பங்கியேவிச் யூதர் அல்லர். அவரும் கடையில் வேலை பார்த்த பெண்களும் மருந்தோடு முடிச்சாயமும் கொடுத்தார்கள். நரைத்த தலை கண்ணில் பட்டால் ரயிலேற்றிவிடுவார்கள் என்பதால், வயதைக் குறைத்துக் காட்டத்தான் சாயம். ஒளிந்திருக்கும்போது குழந்தைகள் அழுது காட்டிக்கொடுத்துவிடாமல் இருக்கத் தூக்க மருந்தும் அங்கேயிருந்துதான் போனது. இந்தக் கடையைப் பார்த்துவிட்டு மறுநாள் ஆஷ்விட்ஸின் அந்த முடிக்குவியலுக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். அது சுடுகாடு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை இடித்துத் தள்ளாமல் காத்து, 1947இல் அருங்காட்சியகமாக்கியதில் முன்னின்றவர்கள் அங்கிருந்து உயிரோடு மீண்ட கைதிகள். முதல் இயக்குநரும் அவர்களில் ஒருவர். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டியவர்களிலும் பலர் அவர்களே. உங்களை வரச் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காசைப் பற்றியும் அவருக்குக் கவலை வேண்டாம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வழிகாட்டிக்கு மட்டும்தான். அனுமதிச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள். பெரிய பையை விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள், வாசலில் விடமாட்டார்கள்.