மருத்துவர் பதில்: சோறு வேண்டாம் என்கிற மகளுக்கு டானிக் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன் 48 கிலோ இருந்தவள் இப்போது 41 கிலோ. உயரம் 156 செ.மீ. சோற்றைக் கண்டாலே முகம் சுளிக்கிறாள். காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீர், இரவில் வெள்ளரிக்காய், அவ்வளவுதான். வற்புறுத்திச் சாப்பிட வைத்தால் உடனே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. வயிற்றைத் தட்டையாக்குவது எப்படி என்று சொல்லும் வீடியோக்களை எந்நேரமும் கைப்பேசியில் பார்க்கிறாள். ஒரு மருத்துவரிடம் காட்டினோம். "எடை சரியாகத்தான் இருக்கிறது" என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார். கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். பசியைத் தூண்ட நல்ல டானிக் இருந்தால் சொல்லுங்கள்.
— ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

டானிக் வேண்டாம். உங்கள் மகளுக்குப் பசி எடுக்கிறது. எடுக்கிற பசியை அவள் அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கையில் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் அனோரெக்சியா நெர்வோசா என்ற உணவுக் கோளாறைத்தான் நினைக்க வைக்கின்றன. இந்த வாரத்துக்குள் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

"எடை சரியாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்த உயரத்துக்கு 41 கிலோ என்பது வளர்ச்சி அட்டவணையில் பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அது எங்கிருந்து இறங்கி வந்தது என்று பார்க்க வேண்டும். நான்கே மாதத்தில் 7 கிலோ. உடம்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது. 14 வயதில் எடை ஏறாமல் நின்றாலே நாங்கள் காரணம் தேடுவோம். மாதவிலக்கு நின்றதும் இதனால்தான் இருக்கும்: உயிரைக் காப்பதற்கே ஆற்றல் போதாதபோது உடம்பு மற்ற செலவுகளை நிறுத்திவிடுகிறது. மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாத்திரையால் இரத்தப்போக்கு வரும். பட்டினியால் எலும்பு தேய்வது நிற்காது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலிமையைச் சேர்த்து வைக்கிற வயது இது. எடை திரும்பும்போது மாதவிலக்கும் பெரும்பாலும் தானாகத் திரும்பும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிஜித் தீவில் நடந்ததை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அங்கே வாட்டசாட்டமான உடம்புதான் அழகு என்று கருதி வந்தார்கள். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்பதே உபசாரம். பிள்ளைக்குப் பசி மந்தமானால் அதற்கு 'மதாகே' என்று ஒரு பெயர் சொல்லிப் பச்சிலைச் சாறு கொடுப்பார்கள். நீங்கள் டானிக் கேட்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நாட்டின் நாந்த்ரோங்கா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார். உணவுக் கோளாற்றுக்கான அறிகுறிகள் மிகுந்தவர்கள் முதலில் 12.7 சதவீதம், மூன்று ஆண்டு கழித்து 29.2 சதவீதம். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக 1995இல் ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதத்தினர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேரைக் கேட்ட சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அந்த எண்ணை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

மீதிப் பாதியும் பிஜியிலிருந்தே வருகிறது. அங்கே நடந்து 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஒரு பெண் தானே தொலைக்காட்சி போன்றவற்றை எவ்வளவு பார்க்கிறாள் என்பதைவிட, அவளுடைய தோழிகள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதுதான் அவளது உணவுக் கோளாற்றோடு அதிகமாகத் தொடர்புபட்டிருந்தது. கைப்பேசியை நீங்கள் பீரோவில் பூட்டினாலும் அதே பேச்சு வகுப்பறை பெஞ்சில் நடக்கும். மேலும், இந்த வீடியோக்களைப் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் நோயில் விழுவதில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்ற சுபாவத்துக்கும் பங்கு உண்டு. கல்யாண வீட்டில் யாரோ ஓர் உறவினர் "என்னடி, இப்படிக் குண்டாகிவிட்டாய்" என்று சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியதாகச் சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிய பேச்சு, கேலியோ பாராட்டோ, இன்றோடு நிற்கட்டும்.

ஆகவே கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். இரவில் அது படுக்கையறைக்குள் வரக் கூடாது என்ற விதி உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சேர்த்தே இருக்கட்டும். தொலைக்காட்சி எல்லோருக்கும் ஒன்றையே காட்டியது. கைப்பேசியோ, எந்த வீடியோவில் கண் தங்கியதோ அதே போன்றவற்றைத் தேடிக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். திட்டாமல் பாருங்கள். எடை குறைக்கும் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்தி, விருப்பமில்லை என்று குறிக்க அவளே சம்மதித்தால் சில நாட்களில் வரத்து மாறத் தொடங்கும்.

மருத்துவர் என்ன பார்க்க வேண்டும்? காசநோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவையும் எடையைக் குறைக்கும். அவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். இ.சி.ஜி.யும் தேவை. குளியலறைக் கதவு சாத்துவதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். அவள் வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். மனநல மருத்துவரும் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416.

இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,400 கிலோகலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. வெந்நீரும் வெள்ளரிக்காயும் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஈடுகட்ட நினைக்காதீர்கள். நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அதன்பின் சமையலறைப் பொறுப்பு உங்களுடையது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழிச் சிகிச்சையின் அடிப்படையே இதுதான்: எவ்வளவு சாப்பிடுவது என்று முடிவுசெய்யும் சுமையை நோயுற்ற பிள்ளையிடமிருந்து பெற்றோர் கொஞ்ச காலம் வாங்கிக்கொள்வார்கள். தட்டில் நீங்களே பரிமாறுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. நல்லெண்ணெயும் பொடியும் வைத்து இட்லி, முட்டை, தயிர் சோறு, வேர்க்கடலை, சொதி என்று அவள் முன்பு விரும்பியதிலிருந்தே தொடங்குங்கள். அவளோடு நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் குளியலறைக்குப் போகாமல் உங்களோடு இருக்கட்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். அவள் அழுவாள், கத்துவாள், உங்களை வெறுப்பதாகக்கூடச் சொல்வாள். அது நோயின் குரல் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததல்ல இது.

அவள் மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடக்கிறது என்றால், தண்ணீரும் குடிக்க மறுத்தால், சாவைப் பற்றி ஒரு சொல் சொன்னால், வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். அன்றே, இரவானாலும் சரி, அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

48 கிலோ என்று குறித்த பழைய மருந்துச் சீட்டோ பள்ளிப் பரிசோதனை அட்டையோ இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். அதை இன்றைய எடைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, மாதவிலக்கு நின்றதையும் சொல்லுங்கள். அதன் பிறகு எந்த மருத்துவரும் வைட்டமின் மாத்திரையோடு உங்களை அனுப்ப மாட்டார்.