ஸ்பிண்டில் சுழன்றால் திரை அணைகிறது

கேள்வி: செந்தூலில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். 400 வோல்ட், மூன்று ஃபேஸ் சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கடையில் ஒரு ஃபேஸ்தான். டிரான்ஸ்ஃபார்மரால் 230-ஐ 400 ஆக்கி, ஒரு ஃபேஸை மூன்றாக்கும் ரோட்டரி கன்வர்ட்டரில் ஓட்டுகிறேன். ஸ்பிண்டில், அதாவது இரும்பைப் பிடித்துச் சுழலும் தண்டு, வேகமெடுத்தால் கண்ட்ரோலர் திரை அணைந்து மறுபடி எழுகிறது. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டைக் கழற்றாதீர்கள், ஐயா. முதலில் கரண்டைப் பார்ப்போம்.

கன்வர்ட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக வருபவை. மூன்றாவது, கன்வர்ட்டருக்குள் சும்மா சுழலும் ஐட்லர் மோட்டார் உண்டாக்குவது. சுமை இல்லாதபோது அதன் வோல்டேஜ் ஏறும், சுமை விழுந்ததும் இறங்கும். மோட்டார் கொஞ்சம் தாங்கும். கண்ட்ரோலரின் பவர் சப்ளை தாங்காது.

மெயினை அணைத்து, மோட்டாரை இயக்கும் டிரைவில் தங்கிய சார்ஜ் இறங்கப் பத்து நிமிடமாவது பொறுத்து, லேத்தின் மின்பெட்டியைத் திறங்கள். உள்ளே சிறிய கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதற்குக் கரண்ட் வரும் இரண்டு முனைகளும் ஆர், எஸ், டி எனக் குறித்த மூன்று உள்வரும் கம்பிகளில் எவற்றோடு சேர்கின்றன? ஒன்று அந்த மூன்றாவது கம்பி என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். அந்தச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் நேராக வரும் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே அமைய வேண்டும். இதற்காக உள்வரும் கம்பிகளில் இரண்டை மட்டும் இடம் மாற்றினால் கூலன்ட் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். மூன்றையும் வரிசை கெடாமல் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டுங்கள், திசை மாறாது. இந்த வேலை பதிவு பெற்ற வயர்மேன் கையால் நடக்கட்டும்.

அப்புறம், லேத் இரும்பை வெட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, மூன்று ஜோடிகளின் வோல்டேஜையும் அவரை அளக்கச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது எடுத்த அளவு போதாது. 400, 360, 360 என்று வந்தால் சராசரி 373. 400 அதிலிருந்து 7 சதவீதம் விலகி நிற்கிறது. 5 சதவீதத்தைத் தாண்டினாலே மோட்டார் சூடேறிக் கெடும். பெரும்பாலும் ஐட்லர் சிறியது என்று அர்த்தம். ஸ்பிண்டில் மோட்டாரைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

லேத் நியூட்ரல் கேட்டால் கடையின் நியூட்ரலை இழுத்து மாட்டவே கூடாது. டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் முறையான நியூட்ரல் கிடைக்கும். கன்வர்ட்டருக்குப் பதில் ஒரே இன்வெர்ட்டரில் (மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி) முழு லேத்தையும் ஓட்டலாம் என்பார்கள், வேண்டாம். அதன் துண்டு துண்டான அலை மோட்டாருக்குச் சரி, பவர் சப்ளையை எரித்துவிடும். பழைய கண்ட்ரோலருக்குப் போர்டு தேடி அலைவது கொடுமை, அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

கடை சொந்தமென்றால் மின்வாரியமான டிஎன்பியிடம் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு விண்ணப்பிப்பதே என் முதல் யோசனை. அதுவரை, காலையில் கன்வர்ட்டர் முழு வேகத்துக்கு வந்த பிறகே லேத்தின் மெயினைப் போடுங்கள். மாலையில் லேத்தை முதலில் அணையுங்கள்.