அம்மா கொடுத்த கடன்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். டர்பன் துறைமுகத்தில் வேலை. உங்கள் கட்டுரைகளில் கோயில், கரும்புக்காடு, பழைய பள்ளிக்கூடம் எல்லாம் வருகின்றன. எங்கள் அன்றாடத் தலைவலி எதுவும் வருவதில்லை என்பது என் குறை.

அம்மாவுக்கு 72 வயது. முதியோர் உதவித்தொகை வந்ததும் முதல் வேலையாக ஒரு ஜிபி டேட்டா வாங்கிப் போட்டுக்கொள்வார். பாதிகூடச் செலவாகாது. மாதம் முடிவதற்குள் காலாவதியாகிவிட்டதென்று செய்தி வந்துவிடும். “நான் வாங்கினதை யாருடா எடுத்தது?” என்று என்னைக் கேட்கிறார். கோயில் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். ஒருவர் ஆப்பிள்தான் பெரிய திருடன் என்றார். இன்னொருவர் சீன போன் ஒட்டுக்கேட்கும் என்றார். என் மகன், “பிடிக்காவிட்டால் வாங்காதே, யார் கட்டாயப்படுத்தினார்கள்?” என்கிறான். நம் தாத்தாக்கள் கடை வைத்திருந்த காலத்தில் வியாபாரத்தில் ஒரு தர்மம் இருந்தது. அது எங்கே போயிற்று? அம்மாவை எந்த நெட்வொர்க்குக்கு மாற்றலாம் என்று சொல்லுங்கள். நானும் 36 மாத ஒப்பந்தத்தில் போன் எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், அது தனிக்கதை.

எஸ்.

---

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஏழெட்டு விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்காகத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இதை எழுதவேண்டும் என்று நினைப்பதும், இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். உங்கள் அம்மா என்னைவிடச் சுருக்கமாகக் கேட்டுவிட்டார்.

ஆப்பிள் சண்டையைக் குழுவிலேயே விட்டுவிடுங்கள். பேட்டரி பழசானால் போனின் வேகத்தைக் குறைத்து வைத்ததை அந்த நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2020-இல் பிரான்ஸில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது, அமெரிக்காவில் வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது. எல்லாம் நிஜம். ஆனால் உங்கள் அம்மாவிடம் ஐபோன் இருப்பதாக நீங்கள் எழுதவில்லையே. சீன போன் ஒட்டுக்கேட்கும் என்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. பேரன் படிக்கிற பள்ளி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற நேரம், எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கில் போடுகிறவராகத்தான் இருப்பார். அவரிடம் ஒட்டுக்கேட்க என்ன மிச்சம் இருக்கிறது?

தாத்தா கால தர்மத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். டோங்காட்டில் மெய்ட்ஸ்டோன் ஆலைக்குப் போகிற சாலையில் என் ஆயா கடை வைத்திருந்தாள். ஆலை ஆட்கள்தான் வாடிக்கை. பருப்பைப் பழுப்புத் தாளில் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பாள். மண்ணெண்ணெய் அளக்க ஒரு தகரக் குவளை. அதன் அடிப்பக்கம் உள்ளே நசுங்கியிருக்கும். அது தானாக நசுங்கியதல்ல. சுத்தியலால் ஒரு தட்டு தட்டியது யாரென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பற்றுக் கணக்கில் ஒரு சதம் இரண்டு சதம் கூடும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுத்தான் அந்தக் கணக்கையும் எழுதுவாள். ஆகவே தம்பி, தாத்தா ஆயாக்களை இழுத்துவந்து இன்றைய கம்பெனிக்காரனை அடிக்காதீர்கள். அவர்களும் வியாபாரிகள்தான்.

ஆனால் ஒன்று. ஆயா அளவில் ஏமாற்றினாள், கணக்கில் ஏமாற்றினாள். ஒருவர் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன மண்ணெண்ணெயில் மிச்சம் இருப்பதைத் திரும்ப ஊற்றிக்கொண்டு வர ராத்திரி 12 மணிக்கு அவள் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்ற யோசனையே அவளுக்கு வந்திருக்காது. இவர்களுக்கு வந்தது.

இன்னொன்றும் உண்டு. ஆயா கடையில் சரக்கு முதலில், காசு பிறகு. சம்பள நாள்வரை அவள்தான் கடன் கொடுத்தவள். கடன் கொடுத்தவளுக்கு ஒரு அதிகாரம் உண்டு, அதை வைத்துத்தான் அந்த ஒரு சதம் இரண்டு சதத்தைச் சுரண்டினாள். முன்பணம் கட்டுகிற போனில் இது தலைகீழ். காசு முதலில் போய்விடுகிறது, சரக்கு முப்பது நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அப்படியென்றால் கடன் கொடுத்தவர் யார்? உதவித்தொகையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற உங்கள் அம்மா. வட்டியில்லாமல் ஒரு பெரிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறார். தேதி முடிந்ததும் வாங்கியவனே கடனை ரத்து செய்துவிட்டு, ரத்து செய்துவிட்டேன் என்று அவருக்கே குறுஞ்செய்தியும் அனுப்புகிறான். இதற்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

முன்பண முறையில் நல்லது இல்லையா? இருக்கிறது. 1994-இல் செல்போன் இந்த நாட்டுக்கு வந்தபோது சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் காட்டினால்தான் இணைப்பு. 1996-இல் முன்பண இணைப்பு வந்த பிறகுதான் வீட்டுவேலை செய்கிறவர்களும் தெருமுனையில் பழம் விற்கிறவர்களும் கையில் போனைப் பார்த்தார்கள். அதை நான் மறுக்கமாட்டேன். கதவைத் திறந்துவிட்டவனே உள்ளே வந்தவர்களிடம் அதிகம் பிடுங்கினான் என்பதுதான் என் புகார்.

பிடுங்கினான் என்பது என் சொல் மட்டும் அல்ல. 2016-இல் டேட்டா விலை இறங்கவேண்டும் என்று நாடு முழுக்கச் சத்தம் கிளம்பியது, அடுத்த வருடம் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. 2019 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை, பெரிய செல்போன் கம்பெனிகளான வோடகாமும் எம்டிஎன்னும் விலையை 30 முதல் 50 சதவீதம்வரை குறைக்க இடம் இருக்கிறது என்றது. அதைவிட முக்கியமாக, சின்ன டேட்டாப் பொதி வாங்குகிற ஏழை ஒவ்வொரு எம்பி டேட்டாவுக்கும் பெரிய பொதி வாங்குகிறவரைவிடப் பல மடங்கு கூடக் கொடுக்கிறார் என்றது. பருப்பைச் சில்லறையாக விற்றால் விலை கூடும், அதற்கு நியாயம் உண்டு: தாள் செலவு, சுருட்டுகிற கை. டேட்டாவை யார் சுருட்டுகிறார்கள்? 2020 ஏப்ரலில் வோடகாம் ஒரு ஜிபியை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. ஐம்பது ராண்ட்! அவ்வளவு இறக்கியும் கம்பெனி மூழ்கவில்லை.

காலாவதிக்கு அவர்கள் சொல்கிற சமாதானம், டவரின் கொள்ளளவைத் திட்டமிட வேண்டும் என்பது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த நாட்களில் டவருக்கு டீசல் ஊற்றியது, பேட்டரியைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனது, எல்லாம் எனக்கும் தெரியும். செலவு இருக்கிறது. இருந்தாலும் உங்கள் அம்மா பயன்படுத்தாமல் விட்ட அரை ஜிபி எந்த டவரையும் நெருக்கவில்லையே. பயன்படுத்தாதவர்தான் டவருக்கு உபகாரம் செய்தவர். அவருக்குத்தான் தண்டனை.

அது ஏன் மிச்சமாகிறது என்று யோசித்தீர்களா? தீர்ந்துபோய்விடுமோ என்ற பயம். இல்லாமையில் வளர்ந்தவர்கள் எதையும் கடைசிவரை எடுக்கமாட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் அரிசி டின்னின் அடியில் ஒரு படி எப்போதும் வைத்திருப்பார்கள். பேரன் கூப்பிடுவான், மகள் கேப்டவுனிலிருந்து முகம் காட்டுவாள், அந்த நேரத்தில் அறுந்துவிடக் கூடாது என்று எடுத்துவைக்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அந்த முப்பது நாளையும் கவனியுங்கள். உதவித்தொகை மாதத்தின் இரண்டாம் தேதி வருகிறது என்று வையுங்கள். அன்றே வாங்கினால் 31 நாள் மாதத்தில் அடுத்த மாதம் முதல் தேதி பொதி முடிந்துவிடும், பணம் இரண்டாம் தேதிதான் வரும். இந்தியாவில் இதை இன்னும் நேர்த்தியாகச் செய்தார்கள். அங்கே ஒரு மாதத்துக்கு 28 நாள், அதனால் ஒரு வருடத்துக்கு 13 மாதம். தொலைத்தொடர்பு ஆணையம் 2022-இல் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது வையுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, முன்பணம் கட்டி வாங்கிய சீட்டு மூன்று வருடம் செல்லும் என்கிறது. துணிக்கடைப் பரிசுச் சீட்டு மூன்று வருடம் இருக்கும், டேட்டா முப்பது நாளில் மாயமாகும். டேட்டா அந்தப் பிரிவில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், வாதாடட்டும். 2019 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்காணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. பொதி பாதி தீர்ந்தால், 80 சதவீதம் தீர்ந்தால், முழுக்கத் தீர்ந்தால் செய்தி அனுப்பவேண்டும். தீர்ந்த பிறகு கேட்காமல் கூடுதல் விலையில் ஓட விடக்கூடாது. மிச்சத்தை நீட்டிக்கவும் இன்னொருவருக்கு மாற்றவும் வழி தரவேண்டும். எத்தனை நாள் நீட்டிப்பு, என்ன விலை என்பதை மட்டும் கம்பெனிகளிடமே விட்டார்கள். பூனையிடம் பாலைக் காவல் வைத்த கதை.

என் அம்மா கடைசிவரை டேட்டாவே வாங்கவில்லை. ‘ப்ளீஸ் கால் மீ’ மட்டும்தான், என்னைக் கூப்பிடு என்று அனுப்புகிற குறுஞ்செய்தி. இலவசம். நான் டர்பனில் வேலையில் இருந்த காலம். ஒன்று வந்தால் சாவகாசமாகக் கூப்பிடு, அடுத்தடுத்து இரண்டு வந்தால் பஸ் ஏறு. எங்களுக்குள் ஒப்பந்தம் அவ்வளவுதான். செய்தியின் கீழே ஒரு விளம்பர வரி தொங்கும். அம்மாவுக்கு மூட்டு வலி, அதன் கீழே தவணைக்குக் கட்டில் விற்கிறார்கள். அந்த யோசனையை 2000-இல் வோடகாமில் சொன்னவர் அங்கே கணக்குப் பிரிவில் பயிற்சியில் இருந்த இன்கோசானா மக்காட்டே. தன் காதலியோடு பேசக் காசில்லாத அவஸ்தையில் பிறந்தது. கம்பெனி அதை வைத்துச் சம்பாதித்தது, அவருக்குப் பங்கு தரவில்லை. அரசியல் சாசன நீதிமன்றம் 2016-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும், 4.7 கோடி ராண்ட் போதும் என்று இவர்கள், போதாது என்று அவர், கோர்ட்டு கோர்ட்டாக இழுத்து 2025-இல்தான் வெளியே பேசி முடித்தார்கள். காசில்லாதவர்களின் கூப்பாட்டை வைத்தே இருபது வருடத்துக்கு மேல் ஒரு தகராறு.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. யார் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறான் இல்லையா? அவன் பள்ளிச் சுற்றறிக்கை எதில் வருகிறது என்று கேளுங்கள். வங்கிக் கிளையை மூடிவிட்டு ஆப்பில் வா என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது என்று கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைதான் போலிருக்கிறது. பாட்டியின் போனை ஒரு மாதம் அவன் கையில் கொடுத்து, அவர் வாங்குகிற பொதியோடு ஓட்டச் சொல்லுங்கள்.

நெட்வொர்க் மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2006-லிருந்தே எண்ணை வைத்துக்கொண்டு மாறலாம், மாறுவது சுலபம். வீட்டுக்குள் எது சிக்னல் எடுக்கிறதோ அதற்கு மாறுங்கள், மற்றபடி எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை. அதற்கு முன் நீங்களும் அம்மாவும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், தேதி முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் மிச்சத்தை உங்களுக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் காசை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்காமலே மாதாமாதம் ஏர்டைம், அதாவது போனில் போட்டுவைத்த காசு, குறைகிறதா என்றும் பாருங்கள். நான் கேட்காத ஜோதிடச் செய்திக்கு என் கணக்கிலிருந்து வாராவாரம் காசு போய்க்கொண்டிருந்தது. போன் செய்து கேட்டால், “நீங்களே சம்மதித்தீர்கள் அம்மா” என்றான் ஒரு பையன், ரொம்ப மரியாதையாக. மேஷமா ரிஷபமா என்றுகூட என்னிடம் யாரும் கேட்டதில்லை.

36 மாத ஒப்பந்தம் தனிக்கதை என்கிறீர்கள். தனிக்கதை இல்லை, அது நீங்கள் படிக்காமல் போட்ட கையெழுத்து. அதே நுகர்வோர் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து வெளியே வரலாம். போனின் மீதி விலையும் நியாயமான ஒரு ரத்துக் கட்டணமும் கட்டவேண்டியிருக்கும். எவ்வளவு என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள். தொகை வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா