பதில்: மூணாவது படிக்கும் பையன் கணக்கில் ‘அரும்பு’ நிலை, பள்ளி மாற்றலாமா?

சகோதரி, மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் பையனைக் கணக்கில் ‘அரும்பு’ நிலை என்று டீச்சர் சொன்னதால், மதுரையில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காக மாற்றாதீர்கள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, கணக்கு அடிப்படையைச் சொல்லித்தர தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (வகுப்புக்கேற்ற நிலை) என்பது ரேங்க் இல்லை. பிள்ளைக்கு எந்தப் பயிற்சி கொடுப்பது என்று டீச்சர் முடிவு செய்வதற்கான பிரிவு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் சொன்னதாக நீங்கள் எழுதிய 2024 டிசம்பர் பரக் தேர்வும் (நாடு முழுக்க மத்திய அரசு நடத்தியது) சில பள்ளிகளை மட்டும் எடுத்துச் செய்த மாதிரி ஆய்வு. அதில் தனிப் பிள்ளைக்கு மார்க் கிடையாது.

முதலில் இதைச் செய்யுங்கள். கணக்கை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: “35 ரூபாய் கொண்டுபோய் 18 ரூபாய்க்குத் தக்காளி வாங்கினா மீதி எவ்வளவு?” டக்கென்று சொல்லிவிட்டால் குறை கணக்கில் இல்லை, வாசிப்பில். நிறையப் பிள்ளைகள் கேள்வியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் களைத்துப்போய், கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டி வைத்துவிடுகிறார்கள். பாவம், அவர்களைப் போய் மக்கு என்கிறோம்! அவனுக்குத் தேவை தினமும் கால் மணி நேரம் தமிழ்க் கதை வாசிப்பு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து.

வாய்க்கணக்கிலும் தடுமாறினால் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்துக் கடன் வாங்கிக் கழிப்பதைக் காட்டுங்கள்.

பிறகு அவன் பயிற்சி நூலோடு டீச்சரைப் பாருங்கள். “எந்த நிலை”ன்னு கேட்காமல், “எந்தக் கணக்குல நிக்கிறான்”னு கேளுங்கள்.