ஹோஸ்ட் அம்மாகிட்ட "மீன் வேணாம்"னு எப்படிச் சொல்றது?

கேள்வி: அக்கா, நான் மதுரைப் பொண்ணு, படிக்க வந்து இப்ப நகோயால ஒரு ஜப்பான் குடும்பத்தோட ஹோம்ஸ்டேல இருக்கேன். சிக்கன், முட்டை சாப்பிடுவேன், மாடு பன்னி கிடையாது, மீன் வாடையே ஆகாது. ஆனா இங்க வெறும் காய் போட்ட மிசோ (புளிக்க வச்ச சோயா விழுது) சூப்லகூட மீன் வாசம் அடிக்குது. காலைல சுடுசோத்துல பச்சை முட்டைய ஊத்தித் தர்றாங்க, இல்லன்னா புளிக்க வச்ச சோயா பீன்ஸ், நூல் நூலா இழுக்குமே அந்த நாட்டோ. ஹோஸ்ட் அம்மா ரொம்ப நல்லவங்க, வேணாம்னு சொன்னா வருத்தப்படுவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: சொல்லிடும்மா, இன்னைக்கே சொல்லிடு. நீ சிரிச்சுக்கிட்டே முழுங்கினா பொண்ணுக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நாளைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் வைப்பாங்க.

ஆனா "மீன் சாப்பிட மாட்டேன்"னு மட்டும் சொன்னா பத்தாது. மீன் துண்டு போடாம விட்டுடுவாங்க, சூப்பை மட்டும் வழக்கம்போல தாஷி தண்ணிலதான் வைப்பாங்க, அது பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது புகைபோட்டு காயவச்ச மீனைச் சீவிப் போட்டு எடுக்குறது, அவங்க கணக்குல அது மீன் சாப்பாட்டுல சேர்த்தியே இல்ல. அதனால தாஷிலயும் மீன் வேணாம்னு தனியா சொல்லணும். கொம்புன்னு ஒரு கடற்பாசி, காய்ஞ்ச ஷீடாகே காளான், இதுலயும் தாஷி எடுக்கலாம், அங்க புத்த கோயில் சைவச் சமையல்ல அதுதான், ஸோ அவங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. இன்னொண்ணு, உங்க நகோயாப் பக்க மிசோவே கொஞ்சம் முரட்டு ஆளு, ஒகசாகில வருஷக்கணக்கா ஊறவைக்கிற ஹாச்சோ மிசோ, கறுப்பா துவர்ப்பா இருக்கும். அதை வச்சு மிசோவே ஆகாதுன்னு முடிவு பண்ணாத, கியோட்டோ வெள்ளை மிசோ இனிப்பா இருக்கும், ஒரு தடவை கேட்டுப் பாரு.

பச்சை முட்டைக்குப் பயப்பட வேணாம், அந்த டப்பால இருக்குற தேதியே பச்சையா சாப்பிடுறதுக்கான கெடுதான். மனசு ஒப்பலன்னா பொரிச்சுத் தரச் சொல்லு, அவ்ளோதான்.

நாட்டோவா? விட்டுடு! ஒசாகா பக்கத்துல ஜப்பான்காரங்களே எத்தனையோ பேர் அதைத் தொடுறதில்ல. ஆசைப்பட்டா கூட வர்ற கடுகு பாக்கெட்டை மட்டும் போடு, சாஸ் பாக்கெட்ல மீன் சாறு இருக்க வாய்ப்பு அதிகம், அதுக்குப் பதில் சோயா சாஸ் போதும். காலைக்கு உங்க நகோயா ஸ்பெஷல் ஒகுரா டோஸ்ட் இருக்கே, வெண்ணெய் தடவின ரொட்டிமேல இனிப்புச் சிவப்புப் பயறு, நம்ம கொழுக்கட்டைப் பூரணம் மாதிரியே இருக்கும்.

நீ கேக்காத ஒண்ணு, ஆனா முக்கியம்: கறி ரைஸ், அதாவது ஜப்பான் பாணி மசாலாக் குழம்பு ஊத்தின சோறு. வாசனை நம்ம ஊரு மாதிரி இருக்கேன்னு பாய்ஞ்சுடாத, கட்டி கட்டியா விக்கிற அந்தக் குழம்பு மசாலால (ரூன்னு பேரு) மாட்டுக் கொழுப்போ பன்னிக் கொழுப்போ இருக்குறது சகஜம். பாக்கெட்டை ஹோஸ்ட் அம்மாகிட்டயே குடுத்துப் படிச்சுச் சொல்லச் சொல்லு. அப்புறம் சூப்பை சோத்துல ஊத்தி ரசஞ்சாதமா பிசையாத, அங்க அது பூனைக்கு வைக்கிற சோறுன்னு கிண்டல் பண்ணுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் சமைக்கிறேன்னு நீயே கேளு, காரத்தைப் பாதியாக்கு, தாளிக்கிறதுக்கு முன்னாடி மறக்காம எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுடு.