22 வருஷம் ஸ்பனர் பிடித்த கைக்கு வகுப்பறையில் என்ன வேலை?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். 22 வருஷமாக கராஜ் வேலை, கடைசி மூன்று வருஷம் ஒரு ஜப்பான் வாகனக் கம்பனியின் ஏஜன்டிடம். ஹைபிரிட் பற்றி ஐந்து நாள் வகுப்புக்குப் போகச் சொல்கிறார்கள். படிப்பிக்கப் போகிறவருக்கு என் மூத்த மகனின் வயது. பாடம் சிங்களத்திலும் இங்கிலிஷிலும், எழுத்துப் பரீட்சையும் உண்டாம். ஒப்பந்தம் ஒன்றிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போவதில் ஏதும் பிரயோசனம் உண்டா?

பதில்: போங்கள். எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லும் காது உங்களிடம் இருக்கும். அதை எந்த வகுப்பும் தராது. காதுக்கும் கைக்கும் எட்டாதவற்றுக்குத்தான் வகுப்பு.

டொயோட்டாவின் ஹைபிரிட் கார், மூன்றாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பற்றரி 201.6 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றுகிறது. பற்றரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 நிமிஷம் பொறுத்து, மீட்டர் பிடித்து, பூச்சியம் என்று கண்ட பிறகுதான் தொடலாம். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையையும் போடுமுன் சுருட்டிக் காற்றடைத்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழை விட்டுப் பழகிக்கொள்ள இடமில்லாத வேலை இது.

இன்னொன்று ஏசி. ஹைபிரிட்டில் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் அழுத்த மின்சார மோட்டாரில் ஓடுகிறது. அந்த மோட்டாரைச் சுற்றி ஓடுவதே ஏசி ஒயில்தான். அதற்கென்று உள்ள எஸ்டர் ஒயிலோடு, சாதாரணக் கார்களுக்கு விடும் பீஏஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் இறங்கிவிடும். மின்கசிவு என்று எச்சரிக்கை விளக்கு எரியும், சில நேரம் கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி'க்கே வராது. நேற்று எங்கோ ஏசி கேஸ் அடித்தபோது பிழையான ஒயில் போன கதையைக் கேட்காதவர், பற்றரியைச் சந்தேகித்து அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

அனுபவசாலிக்கு வகுப்பில் உண்மையாகவே கஷ்டமாக இருப்பது வேறு விஷயம். ஸ்கேனரில் 'பி 0171' என்ற பழுதுக் கோட் வருகிறது. உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி ஒட்சிசன் சென்சர் எடுத்து மாட்டுவது எங்கள் பழக்கம். ஆனால் அந்தக் கோட் சொல்வது, கலவையில் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை என்பது மட்டுமே. பெரும்பாலும் சென்சர் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். இன்டேக்கில் காற்றுக் கசிவா, காற்றளவு சென்சரில் அழுக்கா, பெற்றோல் பம்ப் பலவீனமா என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். ஊகம் அடிக்கடி பலித்துப் பழகியவருக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமை வராது. பலிக்காத அந்த ஒரு கார்தான் ஒரு கிழமை கராஜில் நிற்கும்.

ஆசிரியரின் வயதை விடுங்கள். வகுப்பறைக் காரில் ஒரு வயரைப் பிடுங்கிவிட்டுப் பழுது கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கொழும்பில் ஓடும் கார் அப்படியா? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்கப் பழைய ஹைபிரிட் கார்களான அக்குவாவையும் வெசலையும் ஒட்டுப்போட்டு ஓடவைத்தவர்கள் நீங்கள்தான். வெள்ளத்தில் நின்றது, செல் மாற்றிய பற்றரி, கடற்காற்றில் பூத்துப்போன கனெக்டர் என்று உங்களைத் தோற்கடித்த இரண்டு மூன்று கார்களின் விபரத்தை எழுதிக்கொண்டு போங்கள். தேத்தண்ணி நேரத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பொடியனுக்கும் அது தேவை. "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் தம்பி" என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடாதீர்கள்.

பாஷைக்குப் பயப்பட வேண்டாம், வயரிங் படத்துக்குப் பாஷை இல்லை. பாடக் குறிப்பை ஒரு கிழமைக்கு முன்னரே கேட்டு வாங்குங்கள். பரீட்சைத் தாள் எந்த மொழியில் என்பதையும் இப்போதே கேளுங்கள். கணக்கு சாதாரண தர அளவைத் தாண்டாது: காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் இரண்டுக்கும் இடையே ஏன் 60 ஓம் காட்டுகிறது என்றால், இரு முனையிலும் உள்ள 120 ஓம் தடைகள் சமாந்தரமாக இருப்பதால். அந்த அளவுதான்.

ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் கட்டுப்பாடு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், நாள் போகப் போக அந்தத் தொகை குறையுமா என்று பாருங்கள். ஐந்து நாள் பாடத்துக்கு இரண்டு வருஷம் கட்டிப்போடுவது அதிகம் என்பேன். எதில் கையெழுத்து வைத்தாலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

கம்பனிச் சான்றிதழின் மதிப்பு பெரும்பாலும் அந்த பிராண்டுக்குள்தான். என்.வி.கியூ. அப்படியல்ல, அது தேசியத் தொழிற் தகைமை. முழுப் பாடநெறி படிக்காமலே, உள்ள அனுபவத்தை மதிப்பிட்டு அதை வழங்கும் முறை அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கும் விண்ணப்பியுங்கள். பழைய கராஜ் முதலாளியிடம் சேவைக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறீர்களா? அவர் கராஜை மூடிவிட்டு ஊருக்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.