கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று: முதல் கட்டத்தில் இந்தியா ஏன் ஆடவில்லை?

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் சாயங்காலம் பந்து ஆடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதி ஆட்டங்களின் முதல் சுற்றில் இந்தியா பெயரே இல்லையே, ஏன்?

தரவரிசைதான் காரணம். ஆசியாவில் கடைசியில் இருக்கும் 20 அணிகள் மட்டும் முதல் சுற்றில் மோதின. சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணி ஊரில் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கோல் கணக்கு. 2023 அக்டோபரில் 10 அணிகள் இப்படித் தேறி, நேரடியாக இரண்டாம் சுற்றுக்கு வந்த 26 அணிகளோடு சேர்ந்தன. இந்தியா அந்த 26-இல் ஒன்று.

2015-இல் நிலைமை வேறு. அப்போது நாமும் முதல் சுற்றுதான். குவாஹாட்டியில் நேபாளத்தை 2-0 என ஜெயித்தோம், இரண்டு கோலும் சுனில் சேத்ரி அடித்தது. காத்மாண்டுவில் 0-0.

ஆனால் அந்தச் சுற்றில் என் மனசில் நிற்பது பூடான். உலகத் தரவரிசையில் கடைசி, 209-ஆவது இடம். கொழும்பில் போய் இலங்கையை 1-0 என வீழ்த்தியது. அடுத்து திம்புவில் 2-1. செஞ்சோ கியெல்ட்ஷென் இரண்டு கோல் போட்டார். திம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டிலேயே சேலத்துப் பசங்களுக்கு ஓடினால் மூச்சு வாங்கும், கொழும்பிலிருந்து போனவர்களை நினைத்துப் பாருங்கள்!

முதல் சுற்று அணிகளை லேசாக எடைபோடாதீர்கள் தம்பி. 2023-இல் மங்கோலியாவை இரண்டு முறையும் 1-0 என வென்று மேலே வந்த ஆப்கானிஸ்தான்தான், 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் நம்மை 2-1 என்று தோற்கடித்தது. இரண்டாம் சுற்றில் நம் பிரிவில் நாம் 5 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் நின்றுவிட்டோம். கத்தாரும் குவைத்தும் அடுத்த சுற்றுக்குப் போயின.